ஒரே பெயர், வேறு இலக்கணம்: அமைவுக் கோப்புகள் ஏன் இடம் மாறுவதில்லை

2006-ஆம் ஆண்டில் சர்வீசஸ்.எக்ஸ்எம்எல் என்ற பெயரில் இரண்டு வகைக் கோப்புகள் புழக்கத்தில் இருந்தன. ஒன்று ஆக்சிஸ்2 என்ற ஃபிரேம்வொர்க்குக்கு உரியது, மற்றது எக்ஸ்ஃபயருக்கு. இரண்டு ஃபிரேம்வொர்க்குகளும் ஜாவாவில் எழுதப்பட்டவை. இரண்டும் சோப் என்ற எக்ஸ்எம்எல் வடிவச் செய்தியை வாங்கி, ஜாவா கிளாஸ் ஒன்றிடம் ஒப்படைத்து, பதிலைத் திருப்பி அனுப்பும். எந்தக் கிளாஸிடம் ஒப்படைப்பது என்பதை இரண்டும் இந்தக் கோப்பைப் படித்தே தெரிந்துகொண்டன. ஆனாலும் ஒன்றின் கோப்பை மற்றதன் ஃபோல்டரில் போட்டால் சேவை எழுந்திருக்காது. ஆக்சிஸ்2-இன் கோப்பில் சர்வீஸ்கிளாஸ் என்பது ஒரு பாராமீட்டரின் பெயர். வேலையைச் செய்யும் கிளாஸையே அது சுட்டும். எக்ஸ்ஃபயரின் கோப்பிலும் சர்வீஸ்கிளாஸ் உண்டு, ஆனால் அங்கே அது தனி உறுப்பு. வழக்கமாக இன்டர்ஃபேஸைச் சுட்டும். வேலை செய்யும் கிளாஸுக்கு இம்ப்ளிமென்டேஷன்கிளாஸ் என்று இன்னொரு உறுப்பு. கோப்பின் பெயரும் ஒன்று, உள்ளே இருக்கும் சொல்லும் ஒன்று, பொருள் மட்டும் வேறு.

இதே இரண்டும் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்வதில் பெரிய தடை இல்லை. ஆக்சிஸ்2-இல் எழுதிய கிளையன்ட் எக்ஸ்ஃபயரில் ஓடும் சேவையை அழைக்கும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதியது இரண்டையும் அழைக்கும். இணையச் சேவை என்ற ஏற்பாடு வந்ததே அதற்காகத்தான். வெளியே பேசும்போது அவ்வளவு ஒற்றுமை காட்டியவை உள்ளே அமைத்துக்கொள்வதில் ஏன் ஆளுக்கொரு வழி போயின, அதைச் சரிசெய்ய யார் யார் முயன்றார்கள், எது பலித்தது என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்க நீண்ட பேச்சு தேவையில்லை. சமஸ்தானக் காலத்து அம்மன் காசு, ஓர் அணாவுக்கு 20 என்ற கணக்கில் எல்லைக்குள் செல்லுபடியானது. எல்லை தாண்டித் திருச்சிக்கோ தஞ்சைக்கோ சரக்கு வாங்கப் போகிறவர் ரூபாயும் அணாவுமாகத்தான் கொண்டுபோக வேண்டும். சோப் செய்தி ரூபாய், அமைவுக் கோப்பு அம்மன் காசு. ஆனால் சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்தியாவோடு இணைந்தது. ஃபிரேம்வொர்க்குகளுக்கு அப்படி ஓர் இணைப்பு நாள் வரவே இல்லை.

இந்தக் கதையின் முக்கியமான பகுதி பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், கொழும்பில் நடந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008 பாடத்திட்டத்தில் பொறியியல் படித்தவர்களுக்கு, சேவை சார்ந்த கட்டமைப்பு என்ற பாடத்தில் சோப், டபிள்யூஎஸ்டிஎல், பிபெல் ஆகிய பெயர்கள் அறிமுகமாகியிருக்கும். இணையச் சேவை ஒன்று எந்தச் செயல்களைத் தரும், எந்த வடிவில் செய்தி கேட்கும் என்பதை எழுதும் ஆவணம் டபிள்யூஎஸ்டிஎல். அதன் 1.1 பதிப்பு 2001 மார்ச்சில் வெளியானபோது ஆசிரியர்களாக நான்கு பேர் இருந்தார்கள்: மைக்ரோசாஃப்டிலிருந்து எரிக் கிறிஸ்டென்சன், கிரெக் மெரிடித், ஐபிஎம்மிலிருந்து பிரான்சிஸ்கோ குர்பேரா, சஞ்சீவ வீரவரண. வீரவரண இலங்கைக்காரர். 2002-இல் வந்த பிபெல் முதல் பதிப்பின் ஆசிரியர் வரிசையிலும் அவர் பெயர் இருக்கிறது. 2003-இல் லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் தொடங்கியதிலும், மொரட்டுவைப் பல்கலைக்கழகத்து இளைஞர்கள் அப்பாச்சியின் திறமூலத் திட்டங்களில் பெருமளவு இறங்கியதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.  

அப்பாச்சி ஆக்சிஸின் முதல் தலைமுறை 2002 அக்டோபரில் 1.0 கண்டது. அதன் அமைவுக் கோப்பு டபிள்யூஎஸ்டிடி எனப்பட்டது. சேவையின் பெயர், கிளாஸின் பெயர், வெளியே காட்டலாம் என்கிற மெத்தடுகள், நடுவே நிற்கும் ஹேண்ட்லர்கள் ஆகியவற்றை எழுதி, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிடம் ஒரு நிர்வாகக் கருவி வழியாக ஒப்படைக்க வேண்டும். கிளாஸ் கோப்புகளைத் தனியே எடுத்துப்போய் வைக்க வேண்டும். இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதும் ஆக்சிஸ்2-இன் நோக்கங்களில் ஒன்று. 2004 ஆகஸ்டில் கொழும்பில் கூடிய ஆக்சிஸ் கூட்டத்தில் அதற்கான வரைவு உருவானது. 2006 மே மாதம் 1.0 வெளிவந்தது. சேவைக்கு வேண்டிய கிளாஸ்களையும் சர்வீசஸ்.எக்ஸ்எம்எல் கோப்பையும் ஒரே ஏஏஆர் பொதியாகக் கட்டி ஃபோல்டரில் போட்டால் போதும், சர்வரை நிறுத்தாமலே சேவை எழும். முழு எந்திரத்துக்குமான ஏற்பாடுகள் ஆக்சிஸ்2.எக்ஸ்எம்எல் என்ற தனிக் கோப்பில் இருந்தன. 2005-இல் வீரவரணவும் பால் ஃபிரிமேன்டிலும் தவனம் ஸ்ரீநிவாஸும் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் இந்த அடித்தளத்தின் மேல்தான் நின்றது. ஐபிஎம்கூட வெப்ஸ்பியர் 6.1-க்கான இணையச் சேவைத் தொகுப்பில் ஆக்சிஸ்2-ஐ எடுத்துக்கொண்டது.

டபிள்யூஎஸ்டிஎல் எழுதிய அதே ஆள் இருந்த வட்டம்தான் ஆக்சிஸ்2-ஐயும் எழுதியது. வெளி ஒப்பந்தத்துக்குப் பொது வடிவம் தந்தவர்கள், உள் அமைவுக்கு ஏன் பொது வடிவம் தரவில்லை? சோம்பலோ வணிகச் சூழ்ச்சியோ என்று முடிவுகட்டுவது எளிது. ஆக்சிஸ்2.எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து பார்த்தால் வேறு காரணம் தெரியும். உள்ளே வரும் செய்தி டிரான்ஸ்போர்ட், அட்ரஸிங், செக்யூரிட்டி, பிரீடிஸ்பேட்ச், டிஸ்பேட்ச் என்று கட்டம் கட்டமாகக் கடக்கும். எந்த ஹேண்ட்லர் எந்தக் கட்டத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் அந்தக் கோப்பின் பெரும்பகுதி. எக்ஸ்ஃபயரும் ஐயோனா நிறுவனத்தின் செல்டிக்ஸும் 2006-இல் ஒன்றுசேர்ந்து உருவான சிஎக்ஸ்எஃப்பிலும் கட்டங்கள் உண்டு. ரிசீவ், பிரீ-ஸ்ட்ரீம், ரீட், பிரீ-புரோட்டோகால், அன்மார்ஷல், இன்வோக் என்று அது வேறு வரிசை, எண்ணிக்கையும் வேறு. ஆக்சிஸ்2-இன் பிரீடிஸ்பேட்சில் நின்ற ஹேண்ட்லரை சிஎக்ஸ்எஃப்பில் எங்கே நிறுத்துவது? சொல்லுக்குச் சொல் பதில் கிடையாது. அந்த ஹேண்ட்லர் எழுத்தோடையாக வரும் எக்ஸ்எம்எல்லைப் பார்க்க வேண்டுமா, பிரித்து முடித்த பொருளைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு முடிவுசெய்ய வேண்டும். கோப்பில் இருப்பது எந்திரத்தின் உள்ளமைப்பு. அதைப் பொதுவாக்குவது என்றால் எந்திரங்களையே ஒரே மாதிரி ஆக்குவது என்று பொருள், போட்டியிடும் இரண்டு திட்டங்கள் அதற்கு ஒப்புக்கொள்ளா.

முயன்றவர்கள் இல்லாமலில்லை. ஜாவா உலகம் 2002 நவம்பரிலேயே ஜேஎஸ்ஆர் 109 என்ற விதித்தொகுப்பை இறுதி செய்து, வெப்சர்வீசஸ்.எக்ஸ்எம்எல் என்ற பொதுக் கோப்பை வகுத்தது. அடுத்த ஆண்டு அது ஜே2இஇ 1.4-இன் பகுதியாயிற்று. எந்த டபிள்யூஎஸ்டிஎல், எந்த போர்ட், எந்த கிளாஸ் என்பதையெல்லாம் அதில் எழுதலாம். நடைமுறையில் அதன் பக்கத்தில் இன்னொரு கோப்பு வந்து உட்கார்ந்தது. வெப்லாஜிக்கில் வெப்லாஜிக்-வெப்சர்வீசஸ்.எக்ஸ்எம்எல், வெப்ஸ்பியரில் ஐபிஎம்-வெப்சர்வீசஸ்-பிஎன்டி.எக்ஸ்எம்ஐ. முகவரி, பாதுகாப்பு போன்ற சிக்கலானவை எல்லாம் இந்த இரண்டாவது கோப்புக்குள் போயின. பொதுக் கோப்பில் மிஞ்சியவை எப்படியும் ஒரு மணி நேரத்தில் திரும்ப எழுதிவிடக்கூடியவை. டாம்கேட்டில் வெறும் நூலகமாக வைத்து ஓட்டப்பட்ட ஆக்சிஸும் எக்ஸ்ஃபயரும் இதைக் கண்டுகொள்ளவே இல்லை.

இதைவிடத் துணிச்சலான முயற்சி எஸ்சிஏ. 2005-இன் இறுதியில் ஐபிஎம், பிஇஏ, ஆரக்கிள், எஸ்ஏபி, ஐயோனா உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்தன. 2007 மார்ச்சில் 1.0 வந்தது. சேவைகளை ஒன்றோடொன்று கோக்கும் விதத்தை காம்போசிட் என்ற கோப்பில் எழுதினால் எந்த நிறுவனத்தின் எந்திரத்திலும் ஓட வேண்டும் என்பது கனவு. மைக்ரோசாஃப்ட் சேரவில்லை. சேர்ந்தவர்களும் கோப்பில் நீட்டிப்புக்கு இடம் வைத்துக்கொண்டார்கள். ஆரக்கிளின் எஸ்ஓஏ சூட் 11ஜி 2009-இல் காம்போசிட்.எக்ஸ்எம்எல் கோப்பைத்தான் மையமாக வைத்தது. ஆனால் உள்ளே ஆரக்கிளுக்கே உரிய மீடியேட்டரும் ஜேசிஏ இணைப்புகளும் நிறைந்திருந்தன. அதை, எஸ்சிஏவைப் பின்பற்றிய இன்னொரு எந்திரமான அப்பாச்சி டஸ்கனியில் கொண்டுபோய் ஓட்டலாம் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதற்கு முந்தைய ஜேபிஐ என்ற ஜாவா முயற்சியிலோ ஐபிஎம்மும் பிஇஏவும் ஒதுங்கிக்கொண்டன. இவற்றைப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது: பொதுக் கோப்பு வேண்டும் என்று கேட்டதே தவறான கேள்வி. கோப்பைப் பொதுவாக்கியவர்கள் தோற்றார்கள். கோப்பிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தவர்கள் ஓரளவு வென்றார்கள்.

அப்படி வெளியே எடுத்ததில் முதன்மையானது அனோட்டேஷன். ஜேஎஸ்ஆர் 181-உம், 2006 மே மாதம் வந்த ஜேஏஎக்ஸ்-டபிள்யூஎஸ் 2.0-உம் சேவையின் பெயர், நேம்ஸ்பேஸ், சோப் பாணி ஆகியவற்றை ஜாவா நிரலுக்குள்ளேயே, கிளாஸின் தலையில் எழுதிவைக்க வழிசெய்தன. அந்த ஆண்டின் இறுதியில் வந்த ஜாவா 6-இல் கோப்பே இல்லாமல் ஒரே வரியில் சேவையை எழுப்பலாம் என்றாயிற்று. அதே கிளாஸ் சிஎக்ஸ்எஃப்பில் ஓடியது, சன்னின் மெட்ரோவில் ஓடியது, பின்னாளில் ஆக்சிஸ்2-இலும் ஓடியது. மிஞ்சியது முகவரி ஒன்றுதான்: சிஎக்ஸ்எஃப்பில் ஸ்பிரிங் கோப்பில் ஓர் எண்ட்பாயிண்ட் வரி, மெட்ரோவில் சன்-ஜேஏஎக்ஸ்டபிள்யூஎஸ்.எக்ஸ்எம்எல்லில் ஒரு வரி. இந்தத் துறை கண்ட மிகப் பெரிய இடமாற்ற வசதி இதுதான், அமைவுக் கோப்பே காணாமல் போனதால் கிடைத்தது. கோப்பில் இருந்ததை நிரலுக்குள் கொண்டுபோனால் அது நிரலின் தலைவிதியையும் பகிர்ந்துகொள்ளும் என்பது பிறகு தெரிந்தது. ஜாவா 11, ஜேஏஎக்ஸ்-டபிள்யூஎஸ்ஸை ஜாவாவிலிருந்தே நீக்கியது. ஜகார்த்தா இஇ 9, 2020-இல் ஜாவாஎக்ஸ் என்ற முன்னொட்டை ஜகார்த்தா என்று மாற்றியது. ஆரக்கிளின் வணிகக்குறிச் சிக்கலே காரணம். ஒரு ஃபிரேம்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குத் தொடாமல் போன கிளாஸ், ஒரே ஃபிரேம்வொர்க்கின் அடுத்த பதிப்புக்குப் போகும்போது தலைப்பு வரிகளைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஜேஏஎக்ஸ்-டபிள்யூஎஸ்ஸில் உண்மையிலேயே இடம் மாறக்கூடிய கோப்பு ஒன்றும் உண்டு. ஹேண்ட்லர் சங்கிலிக் கோப்பு. எந்த ஹேண்ட்லர் எதன் பின்னால் வரும் என்பதை அதில் எழுதினால் மெட்ரோவும் சிஎக்ஸ்எஃப்பும் ஒரே விதமாகப் படிக்கும். விலை வேறிடத்தில் இருக்கிறது. பொது ஹேண்ட்லர் சோப் செய்தியை முழுதாக நினைவகத்தில் மரமாகக் கட்டிக் கேட்கும். ஆக்சிஸ்2 தன் ஏக்சியம் என்ற பொருள் மாதிரியால் பெருமைப்பட்டதே, தேவைப்படும் வரைக்கும் மட்டும் எக்ஸ்எம்எல்லை இழுத்துப் படிக்கும் திறமைக்காகத்தான். சிஎக்ஸ்எஃப்பின் சொந்த இன்டர்செப்டர்களும் ஓடையாகவே வேலை செய்யும். பொதுவான ஹேண்ட்லரை நடுவில் வைத்ததும் அந்தத் திறமை போய்விடுகிறது. நில வரைபடம் போன்ற பெரிய இணைப்பு வரும் சேவையில் இது சர்வரின் நினைவகத்தைத் தின்றுவிடும், சின்னச் செய்திகளில் யாருக்கும் தெரியாது. ஆகவே பொதுவானதை எடுப்பதா, சொந்தமானதை எடுப்பதா என்பதற்குக் கொள்கை அளவில் பதில் இல்லை. செய்தியின் கனத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பாதுகாப்பில்தான் இந்தப் பிரச்சினை முழு உருவத்தோடு தெரிகிறது. டபிள்யூஎஸ்-பாலிசி 1.5 என்ற பரிந்துரையை டபிள்யூ3சி 2007 செப்டம்பரில் வெளியிட்டது. அதற்குச் சற்று முன்பு ஒயாசிஸ் அமைப்பு டபிள்யூஎஸ்-செக்யூரிட்டிபாலிசி 1.2-ஐத் தரமாக்கியது. இந்தச் செய்தியில் கையொப்பம் வேண்டும், இந்தப் பகுதியை மறையாக்க வேண்டும், நேரமுத்திரை இருக்க வேண்டும் என்பதை எந்திரம் படிக்கும் விதத்தில் எழுதும் மொழி அது. ஆக்சிஸ்2-இன் ராம்பார்ட், சிஎக்ஸ்எஃப், மெட்ரோ, மைக்ரோசாஃப்டின் டபிள்யூசிஎஃப் ஆகிய நான்கும் அதைப் படித்தன. காரணம் தெளிவு: இந்த விதிகளை மறுமுனையில் இருப்பவரும் தெரிந்துகொண்டாக வேண்டும். தெரியாவிட்டால் செய்தியே போகாது.

ஆனால் கையொப்பமிட ஒரு சாவி வேண்டும். சாவி எந்தக் கீஸ்டோரில் இருக்கிறது, கடவுச்சொல்லை எந்த கிளாஸிடம் கேட்க வேண்டும், எந்தப் பெயரில் கையொப்பமிட வேண்டும் என்பவை மறுமுனைக்குத் தெரிய வேண்டாதவை, தெரியக் கூடாதவையும்கூட. அங்கே ஆளுக்கொரு வழி. ராம்பார்ட்டில் பாலிசிக்குள்ளேயே ராம்பார்ட்கான்ஃபிக் என்ற துண்டைச் செருக வேண்டும். மெட்ரோவில் டபிள்யூஎஸ்ஐடி கோப்பில் சன்னின் சொந்த நேம்ஸ்பேஸில் கீஸ்டோர் வரி. சிஎக்ஸ்எஃப்பில் டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி என்று தொடங்கும் பண்புகள். டபிள்யூசிஎஃப்பில் வெப்.கான்ஃபிக்கின் பிஹேவியர் பகுதி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ராம்பார்ட்டும் சிஎக்ஸ்எஃப்பும் உள்ளே பயன்படுத்தியது டபிள்யூஎஸ்எஸ்4ஜே என்ற ஒரே நூலகத்தை. அதனால் கீஸ்டோரின் இடத்தையும் கடவுச்சொல்லையும் சொல்லும் பண்புப் பெயர்கள் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. ராம்பார்ட்டின் பாலிசித் துண்டுக்குள் கிடந்த வரிகளை எடுத்து ஒரு பிராப்பர்ட்டீஸ் கோப்பில் போட்டால் சிஎக்ஸ்எஃப் படித்துவிடும். எந்தத் தரநிலைக் குழுவும் செய்து தராத வசதி, இரு தரப்பும் ஒரே நூலகத்தைக் கடன் வாங்கியதால் தற்செயலாகக் கிடைத்தது.

ஆக, ஒரு சேவையின் அமைவில் உள்ள வரிகளுக்குள் ஒரு கோடு போடலாம். மறுமுனையில் இருப்பவர் பார்க்க வேண்டியவை ஒப்பந்தத்துக்குள் ஏறி, ஃபிரேம்வொர்க் மாறினாலும் பிழைத்தன. சேவையை நடத்தும் அலுவலகத்துக்கு மட்டும் உரியவை, அதாவது சாவி, முகவரி, தரவுத்தளத்தின் பெயர், மதிப்பளவில் பிழைத்தன. எழுதும் வடிவம்தான் மாறியது. எந்திரத்துக்கு மட்டும் உரியவை செத்துப் போயின, போக வேண்டியவையே. இதனால்தான் ஒரு கோப்பை இன்னொரு கோப்பாக நேரடியாக மாற்றித் தரும் கருவிகளைவிட, ஒப்பந்தத்தின் வழியாகச் சுற்றிப் போகும் கருவிகள் நன்றாக வேலை செய்தன. ஆக்சிஸ்2-இன் டபிள்யூஎஸ்டிஎல்2ஜாவா, டபிள்யூஎஸ்டிஎல்லைப் படித்து சர்வீசஸ்.எக்ஸ்எம்எல்லைத் தானே எழுதித் தரும். டபிள்யூசிஎஃப்பின் எஸ்விசியுடில் அதே டபிள்யூஎஸ்டிஎல்லையும் அதிலுள்ள பாலிசியையும் படித்து கிளையன்டுக்கான கான்ஃபிக் கோப்பை எழுதித் தரும். பழைய ஃபிரேம்வொர்க்கின் கோப்பை யாரும் திறக்க வேண்டியதே இல்லை.

கோப்பில் எழுதப்படாதவைதான் ஆளைக் கவிழ்ப்பவை. ஆக்சிஸ்2-இன் கிளையன்ட், வேறு எதுவும் சொல்லாவிட்டால் பதிலுக்கு 30 வினாடி காத்திருக்கும். சிஎக்ஸ்எஃப் இணைப்புக்கு 30 வினாடியும் பதிலுக்கு 60 வினாடியும் காத்திருக்கும். டபிள்யூசிஎஃப் வாங்கும் செய்தியின் அளவு, சொல்லாவிட்டால் 65,536 பைட். இந்த எண்கள் எந்தக் கோப்பிலும் இருக்க மாட்டா, நிரலின் உள்ளே இருக்கும். அறந்தாங்கியில் ஓர் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பம் பதிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இருக்கும் சேவைக்கு மாலை நெரிசலில் 45 வினாடி ஆகிறது. சிஎக்ஸ்எஃப்பில் இருந்தவரை மெதுவாகவேனும் வேலை நடந்தது. ஆக்சிஸ்2-க்கு மாற்றியதும் மாலையில் மட்டும் பிழை வருகிறது, காலையில் சோதித்தவருக்கு எதுவும் தெரியவில்லை. பழைய அமைவுக் கோப்பை வரிவரியாகப் பெயர்த்து எழுதியவர் மீது குற்றம் இல்லை, 60 என்ற எண் அதில் எந்த இடத்திலும் இருந்திருக்காது. டாட்நெட் பக்கம் போனால் ஒரு குடும்பத்துக்கான பதில் வந்துவிடும், ஒரு வருவாய்க் கிராமத்துக்கான பட்டியல் அந்த அளவு வரம்பைத் தாண்டுவதால் வராது.

அரசுத் தரப்பு விதிகளும் இந்தக் கோட்டின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. சி-டாக் உருவாக்கி 2008-இல் இயங்கத் தொடங்கிய தேசியச் சேவை வழங்கு நுழைவாயிலுக்கான விவரக்குறிப்புகள், செய்தியின் வடிவத்தையும் நுழைவாயிலுக்கு நுழைவாயில் அது போகும் முறையையும் வகுத்தன. 2010 நவம்பரில் இந்திய அரசு அறிவித்த மின் ஆளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கையின் அக்கறையும் அமைப்புகள் சந்திக்கும் எல்லையும் தரவின் சேமிப்பும்தான். உள்ளே எந்த ஃபிரேம்வொர்க், எந்தக் கோப்பு என்பது ஒப்பந்தக்காரர் பாடு. கொள்கையாக இது சரிதான். ஒப்பந்தக்காரர் மாறும்போது என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் அந்தரத்தில் நிற்கிறது.

போட்டி ஃபிரேம்வொர்க்கை விடுங்கள், ஒரே நிறுவனத்தின் பொருளுக்குள்கூட இந்தச் சுமை குறையவில்லை. டபிள்யூஎஸ்ஓ2-இன் கார்பன் தளத்தில் காலப்போக்கில் கார்பன்.எக்ஸ்எம்எல், ரெஜிஸ்ட்ரி.எக்ஸ்எம்எல், யூசர்-எம்ஜிடி.எக்ஸ்எம்எல், ஆக்சிஸ்2.எக்ஸ்எம்எல் என்று கோப்புகள் பெருகிப் போயின. பதிப்பு மாறும்போதெல்லாம் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுத் திருத்த வேண்டியிருந்தது. 2019 வாக்கில் டெப்ளாய்மென்ட்.டாமல் என்ற ஒற்றைக் கோப்பைக் கொண்டுவந்தார்கள். நிர்வாகி தன் இடத்துக்கு உரிய மதிப்புகளை மட்டும் அதில் எழுதுவார். சர்வர் எழும்போது ஜின்ஜா வார்ப்புருக்கள் வழியாகப் பழைய எக்ஸ்எம்எல் கோப்புகள் தாமே எழுதப்படும். அவற்றில் ஆக்சிஸ்2.எக்ஸ்எம்எல்லும் ஒன்று. எந்திரத்துக்கு மட்டும் உரியதை மனிதர் கையிலிருந்து பிடுங்கி எந்திரத்திடமே கொடுத்துவிட்ட இந்த ஏற்பாட்டைப் பெரிய சாதனையாக யாரும் கொண்டாடவில்லை. நான் கொண்டாடுவேன். நான் மேலே சொன்ன கோட்டை ஒரு நிறுவனம் தன் பொருளுக்குள்ளேயே கிழித்துக் காட்டியது இதில்தான்.

சோப்பின் காலம் பெரும்பாலும் போய்விட்டது. மைக்ரோசாஃப்ட் புதிய டாட்நெட்டில் டபிள்யூசிஎஃப் சர்வரைச் சேர்க்கவில்லை. கோர்டபிள்யூசிஎஃப் என்ற பெயரில் அதை மறுபடி கட்டி, 2022-இல் 1.0 கண்டது சமூகத் திட்டம் ஒன்று. இப்போது ஜாவாவில் போட்டி ஸ்பிரிங் பூட், குவார்க்கஸ், மைக்ரோநாட் ஆகியவற்றுக்குள். முதல் இரண்டும் அப்ளிகேஷன்.பிராப்பர்ட்டீஸ் என்ற ஒரே பெயரில் கோப்பு வைத்துக்கொள்கின்றன. சேவை எந்த போர்ட்டில் கேட்க வேண்டும் என்பதற்கு ஸ்பிரிங்கில் சர்வர்.போர்ட், குவார்க்கஸில் குவார்க்கஸ்.எச்டிடிபி.போர்ட், மைக்ரோநாட்டில் மைக்ரோநாட்.சர்வர்.போர்ட். சர்வீசஸ்.எக்ஸ்எம்எல் கதையைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. மைக்ரோப்ரொஃபைல் கான்ஃபிக் என்ற பொது விதி 2017 முதல் உண்டு. மதிப்பை எங்கிருந்து எப்படிப் படிப்பது என்பதை அது பொதுவாக்கியது, மதிப்பின் பெயரை அல்ல. ஹெரோக்கு நிறுவனத்தவர் 2011-இல் எழுதிவைத்த பன்னிரண்டு விதிகளில் ஒன்று, இடத்துக்கு இடம் மாறுவதைச் சூழல் மாறிகளில் வை என்பது. கண்டெய்னர்கள் பரவியதும் அதுவே வழக்கமாயிற்று. தரவுத்தளத்தின் முகவரி இன்று பெரும்பாலும் எந்த ஃபிரேம்வொர்க்கின் கோப்பிலும் இல்லை, வெளியே இருக்கிறது.

டபிள்யூஎஸ்டிஎல்லின் இடத்தில் இப்போது ஓபன்ஏபிஐ இருக்கிறது, அதன் 3.0 பதிப்பு 2017 ஜூலையில் வந்தது. அதில் எக்ஸ் என்ற எழுத்தில் தொடங்கி யார் வேண்டுமானாலும் நீட்டிப்பு சேர்க்கலாம். அமேசானின் நுழைவாயிலுக்கு எக்ஸ்-அமேசான்-ஏபிஐகேட்வே-இன்டகிரேஷன், கூகுளுக்கு எக்ஸ்-கூகுள்-பேக்எண்ட், டபிள்யூஎஸ்ஓ2-க்கு எக்ஸ்-டபிள்யூஎஸ்ஓ2-புரொடக்‌ஷன்-எண்ட்பாயிண்ட்ஸ். பொது ஒப்பந்தத்துக்குள்ளேயே தனி அமைவு மீண்டும் குடியேறிவிட்டது. ராம்பார்ட்கான்ஃபிக் பாலிசிக்குள் செருகப்பட்ட அதே தந்திரம். படிக்கத் தெரியாத நீட்டிப்பை மற்ற எந்திரம் பேசாமல் தாண்டிப் போய்விடும். எனவே கோப்பு இடம் மாறிவிட்டது போலத் தோன்றும், பின்னால் உள்ள எந்த சர்வரோடும் அது இணைந்திருக்காது. கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸில், வெளியிலிருந்து வரும் அழைப்பை உரிய சேவைக்கு அனுப்பும் இன்கிரெஸ்ஸிலும் இதே நிலைதான்: சின்ன விதி ஒன்று, அதைச் சுற்றி என்ஜினெக்ஸுக்கு மட்டும் புரியும் குறிப்புகள் நிறைய. அதற்கு மாற்றாக 2023 அக்டோபரில் 1.0 கண்ட கேட்வே ஏபிஐ, ஒவ்வொரு வசதியையும் எல்லோரும் தர வேண்டியது, தந்தால் ஒரே விதமாகத் தர வேண்டியது, அவரவர் விருப்பப்படி தருவது என்று பிரித்து, எந்தெந்தப் பொருள் எதைத் தருகிறது என்பதைச் சோதித்தும் சொல்கிறது. எஸ்சிஏ குழுவினர் மறைத்துவைத்த கோட்டை இவர்கள் விதிப்புத்தகத்திலேயே அச்சிட்டுவிட்டார்கள்.

ஒரு மாவட்ட அலுவலகமோ கூட்டுறவு வங்கியோ சேவை ஒன்றை எழுதி வாங்கும்போது டெண்டரில் என்ன கேட்க வேண்டும் என்பது இதிலிருந்து ஓரளவு தெரிகிறது. அமைவுக் கோப்புகளை எல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி வழக்கமாக இருக்கும். அது இருக்கட்டும், அடுத்து வருபவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஒப்பந்த ஆவணம், டபிள்யூஎஸ்டிஎல்லோ ஓபன்ஏபிஐயோ, நீட்டிப்பு வரிகள் நீக்கிய வடிவிலும் வேண்டும். உண்மையான செய்திகளின் மாதிரிகள், பெயர் விவரங்கள் அகற்றி, வெற்றியும் பிழையுமாக வேண்டும். காத்திருப்பு வினாடிகள், செய்தி அளவின் உச்சம், ஒரே நேரத்தில் தாங்கும் இணைப்புகள் என ஃபிரேம்வொர்க் தானாக வைத்துக்கொண்ட எண்கள் எல்லாம் பட்டியலாக எழுதப்பட்டிருக்க வேண்டும், மாற்றாமல் விட்டவையும் சேர்த்து. சாவிகளும் சான்றிதழ்களும் எந்த அதிகாரியின் பொறுப்பில், எந்தத் தேதிவரை செல்லுபடியாகும் என்பதும் அதே பட்டியலில் வர வேண்டும்.